ரப்பர் பால் ஊற்றிய சக்கரம்

தம்பி,

நேற்று உன் சித்தப்பா பத்து பெரெண்டாம் ஊரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். கடைக்குள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே சொல்ல வந்ததைச் சொன்னார். கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார். "அண்ணி, தம்பி கல்யாணத்துல மணையில நானும் அவளும் உக்காந்துக்கறோம். பாத பூசையும் எங்களுக்கே செஞ்சிரட்டும். நீங்க பின்னால பொம்பளைங்களோட இருந்து பாத்துக்கங்க. வழக்கம் அதுதானே?" என்றார். "இத அவன் சொல்லச் சொன்னானா, நீங்களா சொல்றீங்களா?" என்று கேட்டேன். அவர் சட்டை நுனியால் சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அந்த மணியில் அழுக்கே இல்லை. யார் சொல்லி அனுப்பியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தாலி இல்லாதவள் மணையில் உட்காரக்கூடாது என்பதை எனக்கு ஆள் விட்டுச் சொல்ல வேண்டுமா? உன் அப்பா போனதிலிருந்து எத்தனை கல்யாணத்தில் யாரும் சொல்லாமலே நான் போய்த் தூணோரம் நின்றிருக்கிறேன். எனக்கு வழக்கத்தின்மேல் ஒரு புகாரும் இல்லை. அந்த வழக்கத்தை எடுத்து நீ எதன்மேல் போர்த்தப் பார்க்கிறாய் என்று தெரிந்ததில்தான் வயிறு எரிகிறது. செமாபோக்கில் பெண் வீட்டாரிடம், "அம்மா தோட்டத்துப் பக்கம் சொந்தக்காரங்களோட இருக்காங்க, உடம்புக்கு முடியல" என்று சொல்லி வைத்திருக்கிறாயாம். இதையும் உன் சித்தப்பாதான் வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு என்ன உடம்பு? காஜா பெராங்கில், நீ பிறந்த அதே கடையில், குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று மட்டும் பக்கத்துச் செட்டிக் கம்பத்து ஆட்கள் சைக்கிளும் மீன்காரன் வண்டியும் கடை நிறைய நின்றன.

உன் கல்யாணத்துக்கு வருவதா, வீட்டிலேயே இருந்துவிடுவதா என்று நேற்றிலிருந்து மனம் அலைகிறது. எழுதி முடிப்பதற்குள் ஒரு முடிவுக்கு வருவேன் என்றுதான் உட்கார்ந்தேன். நீ நேரில் வந்திருந்தால் இந்தக் காகிதத்துக்கு வேலை இருந்திருக்காது. நீ வரவில்லை. ஆகவே கடைசிவரை படி. நடுவில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடாதே.

உன் அப்பா போனபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ரப்பர் தோட்டத்துக்கே திரும்பி வந்துவிடு, பழையபடி பால் மரம் வெட்டலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். தோட்டத்துக்குப் போனால் உன் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போய்விடும். அதனால்தான் அவர் விட்டுப்போன அரத்தையும் சொலூஷன் டப்பாவையும் நான் கையில் எடுத்தேன். பொம்பளை டயர் கழற்றுகிறாள் என்று தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. கொஞ்ச நாளில் பார்த்துச் சலித்து, தங்கள் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வந்தது. நீ கடைப் பலகையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து இங்கிலீஷ் பாடத்தை உரக்கப் படிப்பாய். ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கத்துவாய். டியூபைத் தண்ணீரில் முக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் பாடம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பேச வராது, ஆனால் சொன்னால் விளங்கும். இது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்குக் குரலையாவது தாழ்த்தியிருப்பாய்.

கிளேபாங் கடற்கரைக் கிளப்பில் உனக்குக் கணக்கெழுதுகிற கிராணி வேலை கிடைத்தபோது ஜாலான் துக்காங் எமாஸ் கோயில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். வெள்ளைச் சட்டையும் முழுக்கால் சிலுவாரும் போட்டுக்கொண்டு நீ புறப்பட்டுப் போன அழகை வாசலில் நின்று பார்த்தேன். அந்தக் கிளப்பில் வெள்ளைக்காரன் படகு ஒன்று இருந்தது. ஒல்லியான இரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறுக்குச் சட்டம் போட்டு இணைத்தது. நம்முடைய கட்டுமரத்தின் பெயரைத்தான் அதற்கும் வைத்திருக்கிறார்கள் என்று நீ வந்து சொன்னாய். "அப்ப நம்ம ஆளுகிட்டதான் கத்துக்கிட்டானுங்க" என்று நான் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தோம். நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

கிளேபாங்கில் தண்ணீர் வற்றினால் கடல் எங்கேயோ போய்விடும். அந்தப் படகைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அதற்காக இரும்புச் சட்டத்தில் இரண்டு டயர் சக்கரம் வைத்த தள்ளுவண்டி. படகை அதன்மேல் ஏற்றி, மணலில் தள்ளிக்கொண்டுபோய், வண்டியோடு தண்ணீரில் இறக்கி மிதக்கவிடுவார்கள். சக்கரம் ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணீரில் முங்கும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ரிம் துருவேறிப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அந்தப் பொருக்கு உள்ளே டியூபை அரித்தது. நீ சக்கரங்களைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தாய். ஒட்டிக் கொடுத்தேன். திரும்பவும் கொண்டுவந்தாய். திரும்பவும் ஒட்டினேன். அப்புறம் சொன்னேன், "இனிமே ஒட்டுப் போட எடமில்ல. புது டியூப் வாங்கச் சொல்லு. ரிம்மையும் சொரண்டிப் பெயின்ட் அடிக்கணும்." நீ தலையாட்டினாய். கிளப்பை நடத்துகிற வெள்ளைக்காரத் துவானிடம் நீ அதைச் சொல்லவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பழுது என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார் என்று பயந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிற சமயம் அது. ஊரெல்லாம் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிளப்பிலும் ஒரு படகோட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் காலையில் நீ இரண்டு சக்கரத்தையும் சைக்கிளில் போட்டுக்கொண்டு முகம் வெளுத்து வந்து நின்றாய். "அம்மா, டியூப் சிங்கப்பூர்லேருந்துதான் வரணுமாம். நாளைக்கு ஒரு நாள் தாங்கினா போதும். எப்படியாவது செஞ்சு குடும்மா" என்றாய். டியூபைத் தண்ணீரில் முக்கினேன். சோறு கொதிப்பது போல எங்கு பார்த்தாலும் குமிழி. ஒட்டினால் நிற்காது. உன் முகத்தைப் பார்த்தேன். தோட்டத்துப் பழக்கம் ஞாபகத்துக்கு வந்தது.

பால்வெட்டுக்காரர்கள் சைக்கிள் டியூபுக்கு என்ன செய்வோம் என்று உனக்கு அன்றைக்குத்தான் காட்டினேன். பழைய தோட்டத்துக்கு ஆள் அனுப்பி, அம்மோனியா கலந்த ரப்பர் பால் ஒரு போத்தல் வாங்கி வரச் செய்தேன். வால்வு ஊசியைக் கழற்றி, துணியில் வடிகட்டிய பாலை உள்ளே ஊற்றி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே காற்று அடித்தேன். பொடி ஓட்டைகளையெல்லாம் பாலே போய் அடைத்துக்கொண்டது. உனக்கு உயிர் வந்தது. அப்போது உன் கையைப் பிடித்துச் சொன்னேன், மறந்திருக்க மாட்டாய். "ஓடுற வரைக்கும்தான் இது நிக்கும். நிக்க விட்டா கெட்டுது. பாலு அடியில எறங்கி ஒரு பக்கமா கட்டிதட்டிடும். வெயில்ல வைக்காத. அப்பப்ப உருட்டி விடு. காத்தும் அதிகமா அடிக்காத, மணல்ல பொதையும்." எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாய்.

மறுநாள் எனக்குக் கை வேலையில் ஓடவில்லை. பம்பையும் ஒட்டுப் பெட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, உனக்கு இட்லியும் கட்டி எடுத்துக்கொண்டு கிளேபாங்குக்குப் பஸ் ஏறினேன். உன் மானம் போய்விடக் கூடாதே என்றுதான் வந்தேன். வேறு காரணம் இல்லை. வந்து பார்த்தால் அந்த வண்டி கிளப் வாசலில், கொடியும் காகிதப் பூவும் கட்டி, கொளுத்துகிற வெயிலில் படகோடு நிற்கிறது. எப்போதிருந்து நிற்கிறது என்று அங்கே ஒரு மலாய்க்காரப் பையனிடம் கேட்டேன். நேற்றுச் சாயங்காலத்திலிருந்தே நிற்கிறதாம், துவான் அலங்காரத்துக்காக அங்கே வைக்கச் சொன்னாராம். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் டியூபுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பார். ரப்பர் பால் என்றால் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து நீ வாயை மூடிக்கொண்டு வண்டியை வெயிலில் விட்டாய். நான் உன்னிடம் வந்து இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்து, "தள்ளவேணாம்னு சொல்லுடா, கட்டிதட்டியிருக்கும்" என்றேன். "நீ ஏம்மா இங்க வந்த?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். அதற்குள் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்தது இரண்டு பேருக்கும் தெரியும். சக்கரம் நொண்டி நொண்டி உருண்டது. சிமெண்டுச் சரிவில் இறங்கும்போது ஒரு பக்கம் காற்று மொத்தமாக இறங்கி, டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. படகு சாய்ந்து சிமெண்டில் மோதி ஒரு பக்கம் பிளந்தது. துவான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். இதைப் பழுது பார்த்தது யார் என்று கத்தினார். நீ என்னைக் காட்டினாய். விரலை நீட்டிக்கூடக் காட்டவில்லை, முகவாயால் காட்டினாய். காஜா பெராங்கில் டயர்க் கடை வைத்திருக்கிற பொம்பளை, நன்றாக இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள் என்றாய். அவர் உன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். இவள் உனக்கு வேண்டியவளா என்று கேட்டார். அதற்கு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நோ சார். ஐ டோன்ட் நோ ஹெர்."

அந்த வரி எனக்குப் புரியாது என்று நினைத்தாய். கடைப் பலகையில் உட்கார்ந்து 'டோன்ட் நோ, டோன்ட் நோ' என்று நீ மனப்பாடம் செய்தபோது சொலூஷன் வாடையில் பக்கத்தில் இருந்தவள் நான்தான். துவான் மலாயில் என்னிடம், இனிமேல் இந்த கேட்டுக்குள் கால் வைக்காதே என்றார். என் மகன் இவன், டியூப் போய்விட்டது என்று எப்போதோ சொன்னேன், இவன்தான் உங்களிடம் மறைத்தான் என்று சொல்லியிருந்தால் உன் வேலை அங்கேயே போயிருக்கும். பம்புப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். நீ இட்லிப் பொட்டலத்தை வேலியோரம் வைத்துக்கொண்டிருந்தாய்.

அன்று ராத்திரி நீ வந்தாய். சோறு போட்டேன், சாப்பிட்டாய். ரசத்தில் உப்பு குறைச்சல் என்றாய். கை கழுவும்போது, "இல்லாட்டி வேலை போயிருக்கும்மா" என்றாய். "சரி, வேலை இருக்கட்டும்" என்றேன். தப்பு செய்துவிட்டேன் அம்மா என்று ஒரு வார்த்தை வரும் வரும் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பாயை விரித்துக்கொண்டு படுத்துவிட்டாய். கொஞ்ச நாளில் வேலைக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும் என்று அறை பார்த்துக்கொண்டு போனாய். அப்புறம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு முறுக்குப் பை. ஊரார் என் கடையைப் பற்றி என்ன பேசினாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் பெற்று, பள்ளிக்கூடம் அனுப்பி, சிலுவாருக்கு மடிப்பு எடுத்துக் கொடுத்தவன் செய்தான். அது இன்னும் ஆறவில்லை தம்பி. பூசி மெழுகாமல் சொல்கிறேன், நீ என்னை ஏமாற்றிவிட்டாய்.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். துவான் தன் நாட்டுக்குப் போனபின் உன் கிளப்புக்குச் செயலாளராக வந்திருக்கிறாரே, எல்லாரும் இஞ்சே என்று மரியாதையாகக் கூப்பிடுகிற அந்த மலாய்க்காரர், அவர் போன மாதம் என் கடைக்கு வந்தார். அதே தள்ளுவண்டியின் சக்கரங்களைக் காருக்குப் பின்னால் போட்டு எடுத்து வந்திருந்தார். டவுனில் இரண்டு மூன்று கடைகளில் கொடுத்தும் காற்று நிற்கவில்லையாம். செட்டிக் கம்பத்தில் யாரோ என் கடையைச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். துருவைப் பளபளவென்று சுரண்டினேன். ரிம்முக்குப் பெயின்ட் இரண்டு கை அடித்துக் காயவிட்டேன். பழைய டியூபைப் பட்டையாக வெட்டி ரிம்முக்கு மேலே சுற்றினேன், இனி துரு வந்தாலும் டியூபைத் தொடாது. புது டியூபும் புது டயரும் போட்டுக் காற்றடித்துத் தொட்டியில் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. பால் ஊற்றுகிற வேலையெல்லாம் கிளேபாங்கில் பட்ட அன்றோடு விட்டாயிற்று.

இஞ்சே வாங்கிப்போக வந்தார். கடலில் இறக்கினால் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வையுங்கள் என்றேன். சொன்னதையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டார். போகும்போது சுவரைப் பார்த்தார். உன் பள்ளிக்கூடத்துப் போட்டோ மாட்டியிருக்கிறதே, அரைச் சிலுவார் போட்டுக்கொண்டு உன் அப்பா பக்கத்தில் விறைப்பாக நிற்பாயே, அதைப் பார்த்தார். "இது எங்கள் கிராணி மாதிரி இருக்கிறதே? உங்கள் மகனா?" என்று மலாயில் கேட்டார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆமாம் என்றால், துவானிடம் நீ சொன்னது பொய் என்றாகும், அந்தக் கிளப்பில் அந்தக் கதை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "இல்ல இஞ்சே. தெரிஞ்சவங்க வீட்டுப் பிள்ளை" என்றேன். அவர் போட்டோவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு சக்கரங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அவர் போனபிறகு பட்டறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை. உன்னைப் பெற்றுவிட்டு இந்த வாயால் உன்னை இல்லை என்று சொல்வதற்கு எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நீ அன்றைக்குக் கடற்கரையில் எப்படியடா சொன்னாய், சட்டைக் கைமடிப்புக்கூடக் கலையாமல்? அதை மட்டும் எனக்குச் சொல்லு. இத்தனை நாளும் நீ செய்தது பயத்தில் வந்த வார்த்தை என்று நானே உனக்குச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். நான் சொல்லிப் பார்த்த பிறகுதான் அது அவ்வளவு லேசான வார்த்தை இல்லை என்று தெரிந்தது.

கல்யாணப் பெண்ணைப் பற்றி நான் ஒன்றும் அறியேன். நல்ல பிள்ளை என்று சித்தப்பா சொல்கிறார். அவளுக்காக ஒன்று சொல்வேன், அம்மாவாகக் கேட்காவிட்டாலும் டயர்க் கடைக்காரியாகவாவது கேள். தாலி கட்டுவதற்கு முன்னால் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. உன் அம்மா எங்கே இருக்கிறாள், என்ன வேலை செய்கிறாள், அவளை நீ என்ன சொன்னாய், எல்லாம். நாளைக்கு அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கே வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற மாதிரி வைக்காதே. உனக்குத் தலை குனியவேண்டி வரும் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் பட்டது வேண்டாம்.

எழுத எழுத ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு வருகிறேன். மணையில் சித்தப்பாவும் சித்தியும் உட்காரட்டும், பாத பூசையை அவர்களே வாங்கிக்கொள்ளட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தூணுக்குப் பின்னால் நிற்கமாட்டேன். கோயில் மண்டபத்தில் முன்வரிசையில் வந்து உட்காருவேன். சோப்புப் போட்டுத் தேய்த்துத்தான் வருவேன், ஆனாலும் விரல் இடுக்கில் இருக்கிற கறுப்பு போகாது, அது உனக்குத் தெரிந்ததுதான். வேறு யாரிடமும் நானாகப் போய் நான்தான் மாப்பிள்ளையின் அம்மா என்று சொல்லமாட்டேன். அதற்கு நீ பயப்படவேண்டாம்.

இஞ்சேயை நீ அழைத்திருப்பாய், வருவார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். உன் பக்கத்தில் வந்து, அந்த அம்மா யார் என்று கேட்பார். துவான் கேட்டது போலவே கேட்பார். என்னிடம் வந்து கேட்டால் நான் வாயைத் திறக்கப்போவதில்லை. உனக்காக ஒரு தடவை சொன்னது போதும், இன்னொரு தடவை என் வாயில் அது வராது. பதிலை நீதான் சொல்லவேண்டும். அதைக் கேட்கிற தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். இங்கிலீஷில் சொன்னாலும் எனக்குப் புரியும், தம்பி.

அம்மா